செய்தி வந்து சேர எத்தனை நாள்? சிங்கப்பூரைக் களமாக வைத்துச் சரித்திர சாகச நாவல் எழுத ஒரு முழு வழிகாட்டி

சரித்திர நாவல் எழுதப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த ராஜா என்று நான் கேட்பதில்லை. “உங்கள் கதை நடக்கும் வருஷத்தில் நாகப்பட்டினத்தில் ஒரு தாய் இறந்துபோனால், சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு எத்தனை நாளில் தெரியும்?” என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் விழிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் விழித்தவன்தான். 180 பக்கம் எழுதிக் கிழித்துப் போட்ட பிறகே இந்தக் கேள்வி எனக்குப் பிடிபட்டது.

சாகசக் கதையில் வாளும் கப்பலும் கடற்கொள்ளையும் மேல்பூச்சு. உள்ளே ஓடுவது தாமதம். தெரிய வேண்டியவனுக்குத் தெரிய வேண்டிய நேரத்தில் தெரியாமல் போவதுதான் கதை. கைப்பேசி இருக்கும் உலகில் பாதிச் சாகசக் கதைகள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே ஒரு காலகட்டத்தை எடுத்தால், அந்தக் காலத்துச் செய்தியின் வேகத்தையும் கூடவே எடுத்துக்கொள்கிறீர்கள்.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தத் தீவை வைத்து எழுத ஐந்து வாசல்கள் இருப்பதாக நான் நினைக்கிறேன். ஒவ்வொன்றிலும் செய்தி வேறு வேறு வேகத்தில் நடக்கிறது.

முதல் வாசல் சோழர் காலம். நம்மில் பலருக்கு இதில்தான் ஆசை. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜயப் பேரரசைத் தாக்கியது. தஞ்சைக் கல்வெட்டு கடாரம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று ஊர்களை அடுக்கிக்கொண்டே போகிறது. சிங்கப்பூரின் பழைய பெயரான தெமாசெக் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எழுதக்கூடாது என்பதில்லை. சோழக் கப்பல் ஒன்று தண்ணீர் எடுக்க இந்தத் தீவில் ஒதுங்கியது என்று நீங்கள் கற்பனை செய்யலாம். கற்பனை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஒரு பருவக்காற்றில் போனவன் அடுத்த பருவக்காற்றுக்குக் காத்திருந்துதான் திரும்பலாம். செய்திக்கும் அதே கதி. என்னைக் கேட்டால் ராஜாவை விட்டுவிட்டு வணிகரைப் பிடியுங்கள் என்பேன். சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதை வைத்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். கடல் தாண்டிக் கர்ப்பூரம் வாங்கப் போன ஊரில் தமிழில் கல் வெட்டி நிறுத்தியவர்களை விடவா சாகசக்காரர்கள் வேண்டும்?

இரண்டாவது வாசல் 14ஆம் நூற்றாண்டுத் தெமாசெக். வாங் தாயுவான் என்ற சீன வணிகர் எழுதி வைத்த குறிப்பு ஒன்று போதும், ஒரு நாவலுக்கு. மேற்கே போகும் கப்பல்களை இங்குள்ள கொள்ளையர் தொடமாட்டார்களாம். சரக்கேற்றித் திரும்பி வரும்போதுதான் இருநூறு, முந்நூறு படகுகளில் வந்து சூழ்வார்களாம். கரிமுன் தீவை நெருங்கும்போதே மாலுமிகள் அம்புக்குத் தடுப்பாகத் திரை கட்டிக்கொள்வார்களாம். சயாமியர் எழுபது கப்பல்களில் வந்து ஒரு மாதம் முற்றுகையிட்டதையும், நகரம் வாயிலை அடைத்துக்கொண்டு தாக்குப்பிடித்ததையும் அவரே சொல்கிறார். முற்றுகைக்குள் இருப்பவனுக்கு வெளிச்செய்தி வராது. வெளியே இருப்பவனுக்கு உள்ளே எத்தனை படி அரிசி மிச்சம் என்று தெரியாது. கதையை இந்த இடத்தில் ஊன்றிக்கொள்ளலாம்.

மலாய் மரபுக் கதைகளையும் தொட்டுக்கொள்ளுங்கள். செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூலில் ராஜா சூலன் என்றொரு மன்னன் சீனத்தின் மேல் படையெடுத்துத் தெமாசெக் வரைக்கும் வந்துவிடுகிறான். சீனப் பேரரசர் பல் விழுந்த கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் பழ மரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார். “கிளம்பும்போது நாங்கள் வாலிபர், இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகள்” என்கிறார்கள் கிழவர்கள். இவ்வளவு தூரமா என்று மன்னன் திரும்பிப் போய்விடுகிறான். பொய்ச் செய்தி ஒன்று ஒரு படையைத் திருப்பி அனுப்பிய கதை இது. சூலன் என்ற பெயரில் சோழன் ஒளிந்திருக்கிறான் என்று பலரும் சொல்வார்கள்.

மூன்றாவது வாசல் 1819 முதல் 1873 வரை. முதல் நாவலுக்கு இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். 1819 மே மாதம் ராஃபிள்ஸின் இரண்டாம் வருகையில், பினாங்கிலிருந்து ‘இந்தியானா’ கப்பலில் நாராயண பிள்ளை வந்திறங்கினார். செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வைத்தார், கடை தீப்பிடித்து எல்லாம் போய் மறுபடி எழுந்தார். 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் வரத் தொடங்கினார்கள். சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. 1873இல் கைதிகளை அந்தமானுக்கு மாற்றும் வரை இந்த ஊரின் சாலைகளிலும் பாலங்களிலும் அவர்கள் வேர்வை விழுந்தது. ஆவணம் ஏராளம், ஆனால் செய்தி இன்னும் கப்பலில்தான் வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் காலம் வேறில்லை. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகக் கடலடித் தந்திக் கம்பி சிங்கப்பூருக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் கதை நடக்கும் விதமே மாறிவிடும்.

நான்காவது 1914, 15. சென்னையில் குண்டு போட்டு நம் மொழிக்கு ஒரு சொல்லையே கொடுத்துவிட்டுப் போனது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல். பினாங்குத் துறைமுகத்துக்குள் அது போலிப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு நுழைந்தது. அதன் அதிகாரிகளில் ஒருவரான லாட்டர்பாக் பிடிபட்டு தங்ளின் பாசறையில் இருந்தார். 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நேரத்தில் ஐந்தாம் இலகு காலாட்படையின் சிப்பாய்கள் கலகம் செய்தபோது தப்பியோடினார். சிப்பாய்களைக் கிளப்பிவிட்ட காரணங்களில் ஒன்று, துருக்கியரோடு போரிட அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தி. உண்மையில் அவர்கள் போகவிருந்தது ஹாங்காங்குக்கு. தந்தி வந்த பிறகும் வதந்தி அதைவிட வேகமாக ஓடுகிறது பாருங்கள்.

ஐந்தாவது ஜப்பானியர் காலம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, ஜப்பானியர் அதற்கு வைத்த பெயர் சியோனான். 1943 ஜூலையில் நேதாஜி கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையேற்றது, அக்டோபரில் பெண்களின் ஜான்சி ராணிப் படையின் முகாம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் திறந்தது எல்லாம் பலருக்கும் தெரிந்தவை. எனக்குப் பிடித்தது கடைசி மூன்று வாரங்கள். 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் பணிந்தது. மறுநாள் நேதாஜி சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டார். பிரிட்டிஷ் படை இங்கே இறங்கியது செப்டம்பர் 5. நடுவில் இந்த ஊரை யார் ஆள்கிறார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நாட்கள். ஜப்பான் காசு ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கும் கடைக்காரர், சீருடையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாத இந்திய தேசிய ராணுவச் சிப்பாய், எஸ்டேட்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி. இவர்களை ஒரே ஐந்தடிப் பாதையில் நிறுத்துங்கள். கதை தானே நகரும்.

படி 2: நாயகனுக்கு ஒரு தொழில் கொடுங்கள்

நம் சரித்திர நாவல் மரபில் நாயகன் முதல் அத்தியாயத்திலேயே குதிரையில் வந்துவிடுவான். தெமாசெக்கில் குதிரையை எங்கே ஓட்டுவது? காடும் சதுப்பும் கடலும். இங்கே நாயகன் படகில்தான் வந்தாக வேண்டும். வந்தவன் சாப்பிட வேண்டும், சாப்பிட ஒரு வேலை வேண்டும்.

தொழில் என்பது கதாபாத்திரத்தின் கண். தொங்கான் என்ற சரக்குப் படகைத் தள்ளுபவன் ஆற்றின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பான். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் மூன்று ஆண்டுத் தவணைக்கு வந்த செட்டியார் ஏஜெண்ட் மனிதர்களை வட்டிக் கணக்கில் பார்ப்பார். சிராங்கூன் சாலையில் சுண்ணாம்புச் சூளையில் நிற்பவன் வானத்தில் மழை வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பான். அந்தப் பகுதிக்குச் சுண்ணாம்புக் கம்பம் என்றே நம்மவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பவனான துபாஷிக்கு இரண்டு பக்கத்து ரகசியமும் தெரியும், சாகசக் கதைக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

இந்த வழிகாட்டி முழுக்க ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். 1857. செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கைதிகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுவருக்குச் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் மூன்றையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்த பின் வழவழப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்ப்பார்கள். நம் நாயகன் அந்தப் பூச்சு வேலையில் முட்டை எண்ணி வாங்கும் கைதி. அந்த ஆண்டு வடக்கே சிப்பாய்க் கலகம். சிங்கப்பூரில் இருந்த ஐரோப்பியர்கள், முஹர்ரம் சமயத்தில் கைதிகளும் கிளம்பிவிடுவார்களோ என்று பயந்து கிடந்தார்கள். தினமும் முட்டை குறைகிறது. யார் எடுக்கிறார்கள், எதற்கு? ஒரு முட்டைத் திருட்டை வைத்து எங்கே போகலாம் என்று பாருங்கள்.

கைதி என்றதும் சங்கிலியும் சாட்டையும்தான் நினைவுக்கு வரும். இங்கே நடைமுறை வேறு மாதிரி. கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். நன்னடத்தைக்கு மேல் வகுப்பு, மேல் வகுப்பில் இருந்து கைதிகளுக்கே காவல் உத்தியோகம். முதல் வகுப்புக்கு வந்துவிட்டால் விடுப்புச் சீட்டோடு ஊருக்குள் சொந்தமாகச் சம்பாதித்து வாழலாம். ஆக நம் ஆளிடம் இழப்பதற்கு ஒன்று இருக்கிறது. இழக்க ஏதுமில்லாத நாயகனை வைத்து முந்நூறு பக்கம் ஓட்டுவது கஷ்டம்.

படி 3: ஆதாரம் தேடுங்கள், ஆனால் தேடிக்கொண்டே இருந்துவிடாதீர்கள்

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கோங் சியான் பகுதியில் உட்காரத் தொடங்கினால் எழுந்து வர மனம் வராது. என் நண்பர் ஒருவர் ஆறு வருஷமாகக் குறிப்பு எடுக்கிறார். நாவலின் முதல் வரி இன்னும் வரவில்லை. ஆகவே ஒரு விதி: மூன்று மாதம் தேடல், பிறகு முதல் வரைவு, வரைவில் விழுந்த ஓட்டைகளை அடைக்க மறுபடி தேடல்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்கள் கிடைக்கின்றன. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இல் தொடங்கியது, தமிழ் முரசு 1935இல். ஆங்கில இதழ்களில் தேடும்போது ‘தமிழர்’ என்று போட்டால் 19ஆம் நூற்றாண்டில் அதிகம் சிக்காது. அன்றைய வெள்ளைக்காரர் நம்மை எழுதிய சொற்களைப் போட வேண்டும்: கிளிங், சூலியா, சிட்டி, மெட்ராஸ்காரர். பார்க்க எரிச்சலாக இருக்கும். போடாவிட்டால் நம் ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். பெயர்களையும் நாலைந்து விதமாக உடைத்து எழுதித் தேடுங்கள், நாராயண பிள்ளையே ‘நரைனா’ என்றுதான் உட்கார்ந்திருப்பார். தலைப்புச் செய்தியை விட விளம்பரமும் நீதிமன்றச் செய்தியும் கப்பல் வருகைப் பட்டியலும் நமக்குப் பயன். எந்தக் கப்பல் எந்த நாள் எங்கிருந்து வந்தது என்று பட்டியலே இருக்கும்போது உங்கள் நாயகனைக் கற்பனைக் கப்பலில் ஏற்றுவானேன்?

நம் மொழியில் 1887 ஜூன் 27 அன்று சிங்கைநேசன் வார இதழ் தொடங்கியது. மகுதூம் சாயபு நடத்தியது. அன்றைய சிங்கப்பூர்த் தமிழன் எப்படி வாக்கியம் அமைத்தான், எதற்குக் கோபப்பட்டான் என்று அதில் காது கொடுத்துக் கேட்கலாம். 1893இல் வந்த ‘குதிரைப் பந்தய லாவணி’ என்ற பாட்டு நூலையும் தேடிப் படியுங்கள். பந்தயம் பார்க்கக் கிளம்பிய கூட்டத்தோடு நாமும் ஊரைச் சுற்றி வரலாம்.

போர்க்காலம் என்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள். 1979இல் தொடங்கிய முயற்சி, தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். எழுத்து வடிவத்தைப் படிப்பதோடு நிற்காமல் ஒலியைக் கேளுங்கள். ஒருவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தி மூச்சு விடுகிறார் என்பது காகிதத்தில் வராது.

பொருட்களைப் பார்க்க: தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல்லின் உடைந்த துண்டு இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் நின்ற அந்தப் பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதிலிருந்த எழுத்தை இன்றுவரை யாரும் ஐயமில்லாமல் படித்து முடிக்கவில்லை. ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் 9ஆம் நூற்றாண்டில் பெலித்துங் அருகே மூழ்கிய கப்பலின் சீனக் கிண்ணங்கள் இருக்கின்றன. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த கப்பல் அது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம். மூன்றையும் ஒரே நாளில் முடிக்காதீர்கள், கண் மரத்துவிடும்.

படி 4: நடங்கள்

வரைபடத்தில் அளந்ததை நம்பாதீர்கள். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா முன்னால் போய் நில்லுங்கள். இன்று எதிரே கட்டடங்கள். தர்கா எழுந்த 1820களின் கடைசியில் கடலலை அந்தத் தெருவின் ஓரத்தில் அடித்தது. கப்பலிறங்கிய ஈரக்காலோடு நன்றி சொல்லப் போகத்தான் பள்ளிவாசலும் தர்காவும் சீனர் ஆலயமும் அங்கே வரிசையாக நிற்கின்றன. கடலைத் தூர்த்தது பிறகு. ஆகவே 1840இல் உங்கள் நாயகனை அங்கிருந்து கிழக்கே ஓடவிட்டால் அவன் தண்ணீரில் விழுவான்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நடந்து பாருங்கள். 1827இல் எழுந்த கோயில். பக்கத்திலேயே சூலியா பள்ளிவாசல். பகல் ஒரு மணி வெயிலில் ஒரு தடவை, ராத்திரி மழை விட்டதும் ஒரு தடவை. நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள். துரத்தல் காட்சி எழுதும்போது அந்த நிமிடக் கணக்கு கைகொடுக்கும். கால் வலி இல்லாமல் எழுதிய துரத்தல் காட்சிகளை நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன்.

படி 5: நாள்காட்டியும் கடிகாரமும்

பெரிய தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் உலகத்தில் நடந்த நாள். இரண்டாவதில் அந்தச் செய்தி சிங்கப்பூருக்கு வந்த நாள். மூன்றாவதில் உங்கள் நாயகன் காதில் விழுந்த நாள். இரண்டாவதும் மூன்றாவதும் சிரமமில்லாமல் ஒன்றாகிவிட்டால் கதையில் எங்கோ சோம்பல் இருக்கிறது. மீரட்டில் கலகம் வெடித்தது 1857 மே 10. துரைமாருக்குத் தெரிந்து, அவர்கள் முகம் மாறி, அதைப் பார்த்துக் கைதிகளுக்குச் சந்தேகம் வந்து, கப்பல் ஆட்கள் வாய்வழி இன்னொரு கதை வந்து... இந்த இடைவெளிகளில்தான் நம் முட்டைக் கைதி வாழ்கிறான்.

பருவக்காற்றை மறக்காதீர்கள். வடகிழக்குப் பருவம் நவம்பரிலிருந்து மார்ச் வரை, தென்மேற்கு மே முதல் செப்டம்பர் வரை. பாய்மரக் காலத்தில் அதுவே கெடு. ‘இந்தக் காற்றில் போகாவிட்டால் அடுத்த வருஷம்தான்’ என்ற ஒரு வரி, எந்த வில்லனை விடவும் நாயகனை வேகமாக ஓடவைக்கும். நீராவிக் கப்பல் வந்ததும் அந்தக் கெடு போய்விடும், பதிலுக்கு வேறு கெடு வரும். 1926 முதல் 1973 வரை தமிழ்நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடிய ராஜூலா கப்பலில் வந்தவர்கள் பற்றி எழுதினால் பயணச்சீட்டும் செயிண்ட் ஜான்ஸ் தீவில் நோய் பார்க்கும் ஒதுக்கிடமும் உங்கள் எதிரிகள்.

கடிகாரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, பலரும் மாட்டுவார்கள். இன்று நமக்கு ஏறக்குறைய ஏழு மணிக்குப் பொழுது விடிகிறது. 1982 பிறந்தபோது நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினோம். அதற்கு முன் 1960களில் ஆறரைக்கே வெளிச்சம். ஜப்பானியர் வந்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்தள்ளித் தோக்கியோ நேரம் ஆக்கினார்கள். ஆக 1943இல் உங்கள் கதாபாத்திரம் காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் இருட்டில்தான் நிற்பாள். நல்லதாகப் போயிற்று என்று அந்த இருட்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 6: இல்லாததைத் தெரிந்துகொள்ளுங்கள்

என் முதல் முயற்சியில் 1850இல் ஒரு கைதி தூங்குமூஞ்சி மரத்தடியில் படுத்திருந்தான். அழகான பத்தி. நண்பர்கள் கூடிப் படித்த ஒரு மாலையில், செடிகொடி தெரிந்த ஓர் அக்கா, “தம்பி, அந்த மரம் இங்க வந்ததே 1876லதான்” என்றார். அவ்வளவுதான். அன்றிரவு அந்த 180 பக்கத்தையும் சந்தேகத்தோடு திரும்பப் படித்தேன், மரம் மட்டும் பிரச்சினையில்லை என்று புரிந்தது.

சோழர் கதையோ தெமாசெக் கதையோ எழுதினால் சமையலறையை முதலில் காலி செய்யுங்கள். மிளகாய் கிடையாது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளி, பப்பாளி, அன்னாசி, கொய்யா, முந்திரி எதுவும் கிடையாது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னாளில் வந்தவை. உறைப்புக்கு மிளகு, புளிப்புக்குப் புளி. வாயில் சுருட்டும் வைக்கமுடியாது, புகையிலையும் அதே கப்பலில்தான் வந்தது.

நவீன காலத்துக்கு வந்தால் ஆண்டு வாரியாக ஒரு துண்டுச்சீட்டு சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எரிவாயுத் தெருவிளக்கு 1864, ரிக்‌ஷா 1880, மின்சார டிராம் 1905. அந்தந்த ஆண்டுக்கு முன்னால் உங்கள் ஆள் அதில் ஏறக்கூடாது, அதன் வெளிச்சத்தில் கடிதம் படிக்கவும் கூடாது.

பணம். டாலரை இன்றும் நாம் வெள்ளி என்கிறோம். கும்பினி காலத்தில் கைமாறியது உண்மையாகவே வெள்ளிக் காசு, ஸ்பானிய டாலர். எடை கொண்டது, கடித்துப் பார்க்கலாம், இடுப்பில் கட்டினால் நீந்தும்போது இழுக்கும். பையில் இருபது வெள்ளியோடு ஆற்றில் குதிப்பதா வேண்டாமா என்று நாயகன் யோசித்தால் அது கதை. எடைக்குக் காத்தியும் பிக்குலும், கிலோவை விட்டுவிடுங்கள்.

படி 7: பேச்சு

கடினமான படி. எல்லாரும் செந்தமிழில் முழங்கினால் மேடை நாடகம் ஆகிவிடும். இன்றைய தேக்கா (லிட்டில் இந்தியா) பேச்சை அப்படியே 1857இல் வைத்தாலும் ஒட்டாது. நான் செய்வது: விவரிப்பு நல்ல எளிய தமிழ், பேச்சு பேச்சுத்தமிழ், காலத்தைக் காட்ட அங்கங்கே அந்தந்தத் தொழிலின் சொல். கம்பம், சடக்கு, கிராணி, மண்டோர், தவுக்கே, சஞ்சிக்கூலி, பசியாறுதல். இந்த மண்ணில் விளைந்த தமிழ் இது. அடைப்புக்குறிக்குள் பொருள் சொல்லாதீர்கள், இடத்தை வைத்தே புரியும்படி எழுதுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து ‘பசியாறியாச்சா’ என்று கேட்டால் யாருக்குப் புரியாது?

முறையும் முக்கியம். கைதி தன்னை மேல்பார்க்கும் தண்டலை ‘அண்ணே’ என்பான், துரையைத் ‘தொரை’ என்பான், சீனக் கடைக்காரரைத் தவுக்கே என்பான். நண்பா என்று யாரும் யாரையும் அழைத்திருக்கமாட்டார்கள்.

என் பழைய வரைவில் இருந்தது இப்படி:

“நண்பா! கடந்த மே மாதம் பத்தாம் தேதி மீரட் நகரில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகப் பெரும் புரட்சியில் இறங்கிவிட்டார்கள்!”

இரண்டு பேருக்கும் தெரிந்ததை வாசகருக்காகப் பேசுகிறார்கள். தேதியோடு. திருத்தியது:

“அண்ணே, ரெண்டு நாளா தொரை வேலையப் பாக்க வரலியே.”

“நீ முட்டைய எண்ணு.”

“எண்ணியாச்சு. வடக்க ஏதோ கலகமாம். கப்பல்ல வந்தவன் சொன்னான்.”

“எத்தனை குறையுது?”

“முட்டையா?”

“பின்ன, தொரையா?”

படி 8: சாகசத்தைக் கட்டுங்கள்

இதைப் பற்றி நூறு சூத்திரம் கிடைக்கும். நான் மூன்று காரியம் மட்டும் பார்க்கிறேன். நாயகனிடம் ஒரு செய்தி இருக்கிறது, அல்லது ஒரு செய்தி அவனுக்கு வேண்டும். அது போய்ச் சேர ஒரு கெடு இருக்கிறது. வழியில் அதை மாற்றிச் சொல்ல ஒருவனுக்கு லாபம் இருக்கிறது. முட்டைக் கைதியின் விஷயத்தில்: குறையும் முட்டைகள் சிறைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நோயாளிக்குப் போகின்றன. அந்த நோயாளி வடக்கிலிருந்து வந்த கப்பலில் ஒளிந்து வந்தவன். அவன் சொல்லும் செய்தி உண்மையா, துரைமார் சொல்வது உண்மையா? முஹர்ரம் ஊர்வலத்துக்கு ஒன்பது நாள். நாயகன் விடுப்புச் சீட்டு வாங்க இன்னும் ஒரு மாதம். முழுக்க என் கற்பனை, ஆனால் அந்த ஆண்டின் பயத்தில் கால் ஊன்றியது.

சண்டைக் காட்சியைக் குறுக்குங்கள். போர் முழுதையும் வானத்திலிருந்து காட்டாமல் ஒரு கதவிடுக்கு வழியே காட்டுங்கள். அத்தியாய முடிவில் ஒவ்வொரு தடவையும் கத்தி பளபளக்க வேண்டாம். வார இதழ்த் தொடர் எழுதியவர்களுக்கு அடுத்த வாரம் வாசகரை வரவழைக்கும் கட்டாயம் இருந்தது, நமக்கு இல்லை. பத்தில் மூன்று அத்தியாயம் தொங்கலில் நின்றால் போதும்.

படி 9: உண்மை மனிதர்கள்

நாராயண பிள்ளையோ நேதாஜியோ வந்தால் ஓரத்தில் வந்து போகட்டும். அவர்கள் வாயில் வசனம் வைக்கும்போது என் கை நடுங்கும், நடுங்குவது நல்லது. அவர்கள் அன்று எந்த ஊரில் இருந்தார்கள் என்று இரண்டு முறை சரிபாருங்கள். ராஃபிள்ஸ் 1819 ஜூனிலிருந்து 1822 அக்டோபர் வரை சிங்கப்பூரில் காலே வைக்கவில்லை. நடுவில் ஊரை நடத்தியவர் ஃபார்க்குவர். இது தெரியாமல் 1820இல் ராஃபிள்ஸை ஆற்றங்கரையில் உலவவிட்ட கதைகளைப் படித்திருக்கிறேன்.

1915 கலகத்துக்குப் பின் நாற்பத்தேழு சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பொதுமக்கள் பார்க்க. ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் நம் பக்கத்துப் புளோக்கில் இருக்கிறார்கள். இந்த இடங்களில் சாகசத்தின் உற்சாகக் குரலைத் தணித்துக்கொள்ளுங்கள்.

படி 10: யாரிடம் கொடுப்பது

வரைவு முடிந்ததும் எழுத்தாளர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள், அவர்கள் நடையைத்தான் பார்ப்பார்கள். கப்பல் கதையைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கொடுங்கள். கட்டட வேலைக் கதையைக் கட்டுமானத் தளத்தில் நிற்கும் தம்பி ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தேநீர் வாங்கிக் கொடுத்துப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டும்போது எந்த இடத்தில் கைப்பேசியை எடுக்கிறார் என்று கவனியுங்கள், அந்தப் பக்கத்தில் ஒரு மடிப்பு வையுங்கள்.

நான் சுண்ணாம்புப் பூச்சு அத்தியாயத்தை அப்படி ஒருவரிடம் படித்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், பூச்சு வேலை. வெள்ளைக்கரு, வெல்லம் எல்லாம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“எல்லாம் சரிண்ணே. மஞ்சக்கருவ என்ன செஞ்சாங்க?”

வீட்டுக்கு வந்து ஏழாம் அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். திருடன் எடுத்தது முட்டையை இல்லை, மஞ்சள் கருவை.